ஷாஃப்ட் விட்டம் கணக்கில் வந்துவிட்டது. அதன் பிறகு எப்படி வரைவது?

மூன்றாமாண்டு மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இயந்திரவியல் டிப்ளமோ இறுதியாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் வடிவமைப்புத் திட்டமாக எனக்குக் கிடைத்திருப்பது, பெல்ட்டில் ஓடும் ஒரு மையவிலக்கு புளோயரின் ஷாஃப்ட்டும் பேரிங் அமைப்பும். மோட்டார் 7.5 கிலோவாட், நிமிடத்துக்கு 1,440 சுற்று. புளோயருக்கும் அதே வேகம்தான். இரு பக்கமும் 150 மி.மீ. புல்லி. ஷாஃப்ட்டின் ஒரு முனையில் புல்லி, மறுமுனையில் 20 கிலோ எடையுள்ள இம்பெல்லர் (காற்றைத் தள்ளும் இறகுச் சக்கரம்), நடுவில் 240 மி.மீ. இடைவெளியில் இரண்டு பேரிங். புல்லி தன் பக்கத்துப் பேரிங்கிலிருந்து 60 மி.மீ. வெளியே நிற்கிறது, இம்பெல்லர் 100 மி.மீ. வெளியே.

பாடத்தில் சொன்னபடி முறுக்குவிசையைக் கண்டுபிடித்தேன். 9,550ஐ 7.5ஆல் பெருக்கி 1,440ஆல் வகுத்தால் 49.7 நியூட்டன் மீட்டர். அனுமதிக்கப்பட்ட தகைவு 40 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டால் விட்டம் 18.5 மி.மீ. வருகிறது. அதை 20 ஆக்கி, ஒரே பருமனில் வரைந்து, இரண்டு பேரிங்குகளையும் அதில் ஏற்றிக் காட்டினேன். ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். "இந்தப் பேரிங் ஏன் இந்த இடத்திலேயே நிற்கிறது? எந்த வழியாக உள்ளே போயிற்று? பெல்ட் இழுக்கிறதே, அந்த இழுப்பு எங்கே போய்ச் சேருகிறது?"

சூத்திரங்கள் எனக்குத் தெரியும். கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யவும் தெரியும். ஆனால் ஒரு சுழலும் இயந்திரத்தை வெறும் தாளிலிருந்து தொடங்கி உருவாக்குவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் முடிவெடுப்பது? வேலை செய்து பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வரைமேசை எழுதியது:

தம்பி, உங்கள் ஆசிரியர் நல்ல ஆசிரியர். அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் சுழலும் இயந்திர வடிவமைப்பில் பாதி தெரிந்த மாதிரி. நான் இளைஞர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும்போது கால்குலேட்டரை முதல் வாரம் மேசை மேலேயே வைக்க விடுவதில்லை. சுழலும் இயந்திரத்தை வடிவமைப்பது என்றால் விசை எந்த வழியாக நடந்து தரைக்குப் போகிறது என்று பார்ப்பது. விட்டம் அந்த வழியில் இடையில் வரும் ஒரு எண், அவ்வளவுதான்.

உங்கள் புளோயரில் நடந்து பார்ப்போம். பெல்ட் முறுக்குவிசையைக் கொடுக்கிறது. அந்த முறுக்கு புல்லியிலிருந்து கீ (புல்லியையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் சிறு கட்டை) வழியாக ஷாஃப்ட்டுக்குள் நுழைந்து, மறுமுனைக் கீ வழியாக இம்பெல்லருக்குப் போய்க் காற்றில் தீர்ந்துவிடுகிறது. நீங்கள் கணக்கிட்டது இந்த ஒரு வழியை மட்டும். ஆனால் பெல்ட் சுழற்றுவதோடு நிற்பதில்லை; பக்கவாட்டில் இழுக்கவும் செய்கிறது. 49.7 நியூட்டன் மீட்டரை 75 மி.மீ. ஆரத்தால் வகுத்தால் 663 நியூட்டன். அது இறுக்கமான பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு. ஷாஃப்ட்டை இழுப்பது இரண்டின் கூட்டுத்தொகை. வி-பெல்ட்டுக்கு அதை ஏறத்தாழ இரு மடங்காக, 1,326 நியூட்டனாக வைத்துக்கொள்ளலாம். அது பேரிங்கிலிருந்து 60 மி.மீ. தள்ளி நின்று இழுப்பதால் பேரிங் இருக்கும் இடத்தில் 80 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன் உண்டாகிறது. பாருங்கள், முறுக்கைவிட வளைவு பெரிது! வளைவுக்கு 1.5 என்ற காரணியைப் போட்டு, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 130 வரும். அதே 40 மெகாபாஸ்கலுக்கு விட்டம் 25.5 மி.மீ. ஆகிறது. உங்கள் 20 இங்கேயே கழன்றுவிடுகிறது.

அந்த 1.5 எதற்கு என்று கேட்க வேண்டும். பெல்ட் எப்போதும் ஒரே திசையில்தான் இழுக்கிறது, ஷாஃப்ட்தான் சுழல்கிறது. ஆகவே ஷாஃப்ட் மேற்பரப்பில் நீங்கள் ஒரு புள்ளி வைத்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இழுபடுகிறது, ஒரு முறை அமுக்கப்படுகிறது. 1,440 வேகத்தில் மணிக்கு 86,400 முறை. பன்னிரண்டு மணி நேரம் ஓடுவதற்குள் பத்து லட்சம் முறை தாண்டிவிடும். எஃகு இதில் சோர்ந்துபோகும். 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தது. அச்சுகள் இப்படி ஏன் முறிகின்றன என்ற கேள்வி அதன் பிறகு ஓயவே இல்லை. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறித்துப் பார்த்துத்தான், ஒரே தடவையில் தாங்கும் சுமையை லட்சக்கணக்கான தடவை தாங்காது என்பதை எண்களால் நிறுவினார். இன்று உங்கள் பாடத்தில் வரும் சோர்வு வரைகோடு அவர் போட்ட பாதை.

சோர்வு எப்போதும் ஒரு மூலையிலிருந்து தொடங்கும். முறிந்த ஷாஃப்ட் கிடைத்தால் அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். முறிந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் கீ உட்காரும் பள்ளத்தின் அடி மூலையிலோ, விட்டம் மாறும் தோளின் கூரான உள்மூலையிலோ ஒரு புள்ளியிலிருந்து வளைவளைவாகக் கோடுகள் விரிந்து போகும். அந்தப் பகுதி வழவழப்பாக, தேய்ந்தாற்போல் இருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் பிய்ந்த இடம். சொரசொரப்பு சிறிதாக இருந்தால் சுமை குறைவு, மூலைதான் குற்றவாளி என்று பொருள். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு எந்தத் தோளையும் கூராக வரைய மாட்டார்.

இப்போது "எந்த வழியாக உள்ளே போயிற்று" என்ற கேள்விக்கு வருவோம். ஷாஃப்ட் படிப்படியாக ஏன் இறங்குகிறது தெரியுமா? ஒவ்வொரு பொருளும் முனையிலிருந்து வந்து தன் இடத்தில் உட்கார வேண்டும். வரும் வழியில் எதையும் உரசக்கூடாது. உட்கார்ந்த பிறகு நகரக்கூடாது. பேரிங் இருக்குமிடம் 25.5க்கு மேல் வேண்டும். 6206 பேரிங்கின் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. அதை எடுத்துக்கொள்வோம். நடுவில் அது சாய்ந்து நிற்க ஒரு தோள் வேண்டும். 6206க்குக் குறைந்தது 36 மி.மீ. தேவை, 38 வையுங்கள். இன்னும் உயர்த்தினால் என்ன என்று தோன்றும். பேரிங்கின் உள்வளையம் 40 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. தோள் அதை மறைத்துவிட்டால் நாளைக்குப் பேரிங்கைக் கழற்ற வருபவருக்குப் புல்லரின் நகம் பிடிக்க இடமே இருக்காது. புல்லி 30 மி.மீ. இடத்தைக் கெடுக்காமல் வர வேண்டுமானால் அதன் இருக்கை 25ஆக இறங்கட்டும். 25க்குப் பட்டியலில் 8×7 கீ. ஷாஃப்ட்டில் 4 மி.மீ. பள்ளம். பள்ளத்தின் மூலையில் தகைவு ஏறும் என்பதால் அங்கேயும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். புல்லியின் அந்த இடத்தில் வளைவு குறைவு என்பதால் 25 தாங்கும்.

ஒரு சிறு விஷயம், ஆனால் பல படங்களில் தவறிப்போவது: 30இலிருந்து 38க்கு ஏறும் மூலையில் சோர்வுக்கு அஞ்சி ஆரம் கொடுப்போம். அந்த ஆரம் பேரிங்கின் மூலை ஆரத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். 6206க்கு அது 1 மி.மீ.; அதற்குள் இருங்கள். பெரிதாகப் போனால் பேரிங் தோளில் உட்காராமல் வளைவின் மேல் ஏறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது தெரியும்.

இப்படி 25, 30, 38, 30, 25 என்று இரண்டு பக்கமும் இறங்கும் ஷாஃப்ட் வந்துவிட்டது. இதில் சூத்திரம் கொடுத்தது ஒரே ஒரு விட்டம். மற்ற எல்லாம் பொருத்துபவரின் கையிலிருந்து வந்தவை.

வகுப்பில் கற்பதோடு ஒன்று செய்யுங்கள். பழைய மோட்டார் ஒன்றையோ பம்ப்பையோ கழற்றுங்கள். கழற்றும் வரிசையை எழுதி வையுங்கள். ஷாஃப்ட்டை அளந்து முழு அளவில், கையால், குறுக்குவெட்டாக வரையுங்கள். பிறகு ஒவ்வொரு படிக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்று பக்கத்தில் எழுதுங்கள். பதில் தெரியாத இடத்தை மட்டும் இங்கே கேளுங்கள். கணினி மாதிரியில் பொருள்கள் ஒன்றையொன்று ஊடுருவிக்கூட நிற்கும். இரும்பு அப்படி விட்டுக்கொடுக்காது. கையால் வரைபவருக்கு அந்தப் பிடிவாதம் பழகிவிடும்.

கிரீஸ் கை எழுதியது:

நான் பராமரிப்புப் பிரிவில் பேரிங் மாற்றிக்கொண்டே இருப்பவன். வடிவமைக்கக் கற்கும் பிள்ளைகள் கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடாமல் அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். விசை எங்கே போயிற்று என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பெல்ட்டில் ஓடிய பேரிங்கின் உள்வளையத்தைப் பாருங்கள்: குண்டு ஓடிய மங்கலான பட்டை சுற்றிலும் ஒரே சீராக இருக்கும், ஏனென்றால் அது சுழன்றது. வெளிவளையத்தில் அந்தப் பட்டை முழு வட்டமாக இருக்காது. பெல்ட் இழுத்த பக்கத்தில் மட்டும் பாதி வட்டத்துக்குச் சற்றுக் குறைவாக, நடுவில் அகன்று ஓரங்களில் மெலிந்து இருக்கும். நன்றாக ஓடிய பேரிங்கின் அடையாளம் அது. பட்டை நடுப்பள்ளத்தை விட்டு ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஓடியிருந்தால் அச்சுத்திசையில் யாரோ அமுக்கியிருக்கிறார்கள். வெளிவளையத்தில் சாய்வாக, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போனால் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. வெளிவளையத்தில் பட்டை முழு வட்டமாகவே இருந்தால் சுமையும் சேர்ந்து சுழன்றிருக்கிறது. இம்பெல்லர் பேலன்ஸ் இழந்ததா என்று பார்ப்பேன்.

பெல்ட் இறுக்கம் பற்றியும் ஒரு சொல். வரைமேசை ஐயா சொன்ன 1,326 நியூட்டன், 60 மி.மீ. வெளியே நின்று இழுப்பதால் பக்கத்துப் பேரிங்கில் 1,660 ஆக விழும். 6206இன் தாங்குதிறன் 19.5 கிலோநியூட்டன். அதை 1,660ஆல் வகுத்துக் கனம் (மூன்றாம் அடுக்கு) எடுத்தால் விடை பத்து லட்சம் சுற்றுகளில் வரும்: ஏறத்தாழ 162 கோடிச் சுற்றுகள். 1,440 வேகத்தில் 18,700 மணி நேரம். இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு ஆண்டுக்கு மேல். பெல்ட் வழுக்குகிறது என்று யாராவது இரு மடங்கு இறுக்கிவிட்டால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். மூன்று மாதத்தில் பேரிங் போய்விடும். ஆகையால் புல்லியைப் பேரிங்குக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் வரையுங்கள் தம்பி. அந்த 60ஐ 45 ஆக்க முடிந்தால் எங்களுக்குப் பெரிய உபகாரம்.

மூன்றாமாண்டு மாணவன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பயிலகத்தின் பட்டறையில் கிடந்த ஒரு பழைய மோட்டாரைக் கழற்ற அனுமதி வாங்கிவிட்டேன். கழற்றும்போது ஒரு பக்கப் பேரிங் மூடியால் இறுக்கப்பட்டிருப்பதையும், மறுபக்கப் பேரிங் தன் துளையில் இலேசாக நகர்வதையும் கண்டேன். தேய்ந்துவிட்டதால் நகர்கிறதா, வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்களா? என் புளோயரில் எந்தப் பக்கத்தை இறுக்குவது?

இன்னொன்று: மாறுநிலை வேகம், அதாவது ஷாஃப்ட் மிகையாக அதிரும் வேகம், என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை என் ஷாஃப்ட்டுக்குப் பார்க்க வேண்டுமா?

அதிர்வுமானி எழுதியது:

மாறுநிலை வேகத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பார்க்க வேண்டும், ஆனால் உங்கள் ஷாஃப்ட்டில் கவலைப்பட ஒன்றுமில்லை. எளிய வழி: இம்பெல்லரின் எடையில் ஷாஃப்ட் எத்தனை மி.மீ. தொய்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வர்க்கமூலத்தால் 946ஐ வகுங்கள். நிமிடச் சுற்றில் விடை வரும். உங்கள் அளவுகளுக்குத் தொய்வு 0.015 மி.மீ. அளவில் வருகிறது, மாறுநிலை வேகம் 7,700ஐ ஒட்டி. பேரிங்கும் அடித்தளமும் கொஞ்சம் நெகிழும் என்பதால் உண்மையில் இது இன்னும் கீழே இறங்கும். அப்படியும் 1,440க்கு வெகு தொலைவில் இருக்கிறீர்கள். தொய்வு 0.1 மி.மீ. ஆக இருந்திருந்தால் விடை 2,990. இரண்டு துருவ மோட்டாரோடு நேரடியாக இணைத்து 2,900இல் ஓட்டும் ஷாஃப்ட்டுக்கு அது சரியான ஆபத்து.

மாறுநிலை வேகத்துக்கு மேல் ஷாஃப்ட் ஓடவே முடியாது என்று 1869இல் ராங்கின் எழுதினார். சுவீடனின் டி லாவல் மெல்லிய, நெகிழும் ஷாஃப்ட்டை வைத்து அதைத் தாண்டியே தன் நீராவி டர்பைனை ஓட்டிக் காட்டினார். ஏன் முடிகிறது என்பதை ஜெஃப்காட் 1919இல்தான் தெளிவாக விளக்கினார். தாண்டிய பிறகு ரோட்டர் தன் எடைமையத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்குவதால் அதிர்வு அடங்கிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வரலாறு இது.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பேலன்சிங். விசிறிகளுக்கு வழக்கமான தரம் ஐஎஸ்ஓ அளவையில் ஜி 6.3. உங்கள் 20 கிலோ இம்பெல்லருக்கு 1,440 வேகத்தில் அனுமதி சுமார் 835 கிராம்-மி.மீ.; அதாவது 200 மி.மீ. ஆரத்தில் நாலு கிராமுக்குச் சற்று மேல். அதே ஆரத்தில் இறகில் 50 கிராம் தூசி படிந்தால் 227 நியூட்டன் விசை ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. ஆகவே இம்பெல்லரில் எங்கே எடை சேர்க்கலாம், எங்கே சுரண்டலாம் என்பதையும், ஹவுசிங்கில் கைவிட்டுத் துடைக்க ஒரு மூடியையும் படத்திலேயே காட்டிவிடுங்கள்.

வரைமேசை எழுதியது:

வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள், தம்பி. கண்டுபிடித்தீர்களே, மிகவும் மகிழ்ச்சி. ஷாஃப்ட் சூடானால் நீளும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் அளவில் நீளும். உங்கள் 240 மி.மீ. இடைவெளியில் ஷாஃப்ட் ஹவுசிங்கைவிட 40 டிகிரி அதிகமாகச் சூடானால் 0.11 மி.மீ. இரண்டு பேரிங்கையும் இறுக்கியிருந்தால் அந்த நீளத்துக்குப் போக இடமில்லை, ஒன்றையொன்று நெருக்கும். கிரீஸ் கை சொன்ன "சுவரை ஒட்டிய பட்டை" இப்படியும் வரும்.

எதை இறுக்குவது? இம்பெல்லர் பக்கத்தை. அங்கே பக்கவாட்டுச் சுமை 430 நியூட்டன் அளவில்தான் வருகிறது. ஆகையால் இம்பெல்லர் உறிஞ்சும் திசையில் இழுக்கும் அச்சுவிசையையும் அந்தப் பேரிங் தாங்கிக்கொள்ளும். இறுகிய பேரிங் இம்பெல்லருக்கு அருகில் இருப்பதால், ஷாஃப்ட் நீண்டாலும் இம்பெல்லருக்கும் காற்று நுழையும் கூம்புக்கும் உள்ள இடைவெளி அதிகம் மாறாது. ஷாஃப்ட் புல்லிப் பக்கம் நீளட்டும். பெல்ட்டுக்கு அந்த 0.11 ஒரு பொருட்டல்ல.

புல்லிப் பக்கப் பேரிங்கில் உள்வளையம் ஷாஃப்ட்டில் இறுக்கமாக, கே6 பொருத்தத்தில். வெளிவளையம் ஹவுசிங்கில் எச்7 துளையில், நகரும்படி. சுமையைச் சுற்றி எந்த வளையம் சுழல்கிறதோ அதைத்தான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இருக்கையில் மெல்ல ஊர்ந்து ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். வெளிவளையத்தின் இருபுறமும் மூடிகளிலிருந்து அரை மி.மீ. விடுங்கள். ஹவுசிங்கை 62இல் முனைக்கு முனை ஒரே துளையாக வையுங்கள். ஒரே பிடியில் கடைந்துவிடலாம், இரண்டு இருக்கைகளும் தாமாகவே நேர்க்கோட்டில் வரும். ஷாஃப்ட் இரண்டு பேரிங்கோடும் சேர்ந்து ஒரு பக்கத்திலிருந்து உள்ளே வழுக்கிப் போகும்.

கடைசியாக, புல்லிக்கும் பேரிங்குக்கும் நடுவில் சர்க்ளிப் (பொருள் நகராமல் பிடிக்கும் வளையம்) பள்ளம் வெட்டாதீர்கள்; வளைவு அதிகமுள்ள இடத்தின் பக்கத்தில் அது ஒரு கூரான மூலை. அதற்குப் பதில் 30 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு ஸ்பேசர் குழாயைப் பேரிங்கின் உள்வளையத்தோடு ஒட்டிப் போடுங்கள். அது 25க்கு இறங்கும் தோளைத் தாண்டி 1 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். முனையில் ஒரு வாஷரும் போல்ட்டும் போட்டு இறுக்கினால் புல்லி ஸ்பேசரை அழுத்தும், ஸ்பேசர் பேரிங்கை 38 தோளில் அழுத்தும். படத்தை வரைந்ததும் இங்கே போடுங்கள். ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.